கையில் எத்தனை மணி இருக்கிறது?

நெடுந்தூர டிரக் ஓட்டுபவரிடம் போக வேண்டிய இடம் இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டுப் பாருங்கள். மைலில் பதில் வராது. "கையில் நாலு மணி நேரம் இருக்கு, இன்றைக்கு எட்டாது" என்பார். அமெரிக்காவில் மாநிலம் விட்டு மாநிலம் சரக்கு கொண்டுபோகிற எங்களுக்குக் கணக்கு எல்லாமே மணியில்தான். டீசல் தீர்ந்தால் வழியில் எங்கேயாவது போட்டுக்கொள்ளலாம். மணி தீர்ந்தால் 10 மணி நேரம் வண்டியை ஓரங்கட்டினால்தான் மறுபடி கிடைக்கும்.

விதி கேட்பதற்கு எளிது. தொடர்ந்து 10 மணி நேரம் ஓய்வெடுத்தால் 11 மணி நேரம் வரை ஓட்டலாம். அந்த 11-ஐயும் வேலை தொடங்கியதிலிருந்து 14 மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். 8 மணி நேரம் ஓட்டியிருந்தால் அரை மணி நேரம் ஓட்டாமல் இருந்துவிட்டுத்தான் தொடரலாம். வாரம் முழுக்க இயங்கும் கம்பெனி என்றால், 8 நாளில் மொத்த வேலை 70 மணி நேரத்தைத் தொட்டதும் ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாது. தொடர்ச்சியாக 34 மணி நேரம் சும்மா இருந்தால் அந்த 70 புதிதாகத் தொடங்கும். அவ்வளவுதான்.

புதிதாக வருகிறவர்கள் 11 என்ற எண்ணைத்தான் மனத்தில் ஏற்றிக்கொள்கிறார்கள். எங்களை ஆட்டிவைப்பது 14. வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினால் 11 தானும் நிற்கும். 14 நிற்காது. காலையில் டயர், விளக்கு, பிரேக் என்று சோதிக்க ஆரம்பித்த நிமிடமே அது ஓட ஆரம்பித்துவிடும். டீசல் போடும்போதும் ஓடும், விபத்து நெரிசலில் நிற்கும்போதும் ஓடும், கிடங்கில் சரக்கு இறக்கும்வரை காத்திருக்கும்போதும் ஓடும். 2004-க்கு முன்பு இருந்த விதியில் இடையில் எடுக்கும் ஓய்வு அன்றைய வேலைக் கணக்கில் சேராது. அந்தக் காலத்தில் ஓட்டிய பழைய ஆட்கள் இதைப் பற்றி இன்னமும் ஆற்றாமையோடு பேசுவார்கள். பாதி நியாயம் இருக்கிறது.

என் மணிகளை அதிகம் தின்றது சாலை இல்லை, கிடங்கில் சரக்கு ஏற்றி இறக்கும் மேடையான டாக்தான். காலை 9 மணிக்கு அப்பாயின்ட்மென்ட் என்பார்கள். 9-க்குப் போய் டிரைலரைப் பின்னால் எடுத்து டாக்கில் பொருத்திவிட்டால், அதற்கப்புறம் என் கையில் ஒன்றுமில்லை. போர்க்லிப்ட் டிரைலருக்குள் ஏறி இறங்கும்போதெல்லாம் கேபின் லேசாக ஆடும். அந்த ஆட்டம் இருக்கிறவரை வேலை நடக்கிறது என்று அர்த்தம். ஆட்டம் நின்று அரை மணி ஆகியும் சுவரில் இருக்கும் விளக்கு சிவப்பாகவே இருந்தால், காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் எங்கோ போய்விட்டார் என்று புரிந்துகொள்ள வேண்டியதுதான். போய்க் கேட்டால், போன் செய்கிறோம், வண்டியில் இருங்கள் என்பார்கள். இந்த நேரத்துக்குக் கூலியும் பெரும்பாலும் கிடையாது. எங்களுக்குச் சம்பளம் மைல் கணக்கில். காத்திருப்புக்குப் பணம் என்று ஒன்று உண்டு, ஆனால் வழக்கமாக முதல் 2 மணி நேரம் இலவசம், அதற்கு மேல்தான் மீட்டர். போதாததற்கு, 1938-ல் வந்த தொழிலாளர் சட்டம் ஓவர்டைம் உரிமையிலிருந்து எங்களைப் போன்றவர்களை அப்போதே விலக்கிவைத்துவிட்டது.

இந்த இடத்தில்தான் ஸ்லீப்பரைப் பிரித்துக் கணக்கிடும் விதி கைகொடுக்கும். ஓய்வை இரண்டு துண்டாக எடுக்கலாம். ஒன்று, கேபினின் பின்னால் இருக்கும் படுக்கையில் குறைந்தது 7 மணி நேரம். மற்றது குறைந்தது 2 மணி நேரம். இரண்டும் சேர்ந்து 10 வர வேண்டும். 2020 செப்டம்பருக்கு முன்பு பெரிய துண்டு 8 மணி நேரமாவது இருக்க வேண்டும், சின்ன துண்டு 14-ஐ நிறுத்தவும் செய்யாது. இப்போது இரண்டு துண்டுமே நிறுத்தும். எனக்குத் தெரிந்து இந்த விதிகளில் வந்த மாற்றங்களில் ஓட்டுபவனை மனத்தில் வைத்துச் செய்த மாற்றம் இதுதான்.

ஆனால் இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, பலர் தடுக்கி விழுவது அங்கேதான். காலை 6-க்கு வேலை தொடங்கி, கால் மணி நேரம் சோதனை, பிறகு 10 மணி வரை ஓட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றே முக்கால் மணி நேரம் ஓட்டியாயிற்று. 10-லிருந்து 1 வரை கிடங்கில் படுக்கையில் இருக்கிறோம். 1 மணிக்குக் கிளம்பினால் மீதி ஏழே கால் மணி நேரத்தை ஓட்டலாம், 14 மணி நேரமும் இரவு 8-க்குப் பதில் 11-க்குத்தான் முடியும். சரி, இரவு எட்டே காலுக்கு நிறுத்தி 7 மணி நேரம் தூங்கியாயிற்று. எழுந்ததும் புது 11 கிடைக்குமா? கிடைக்காது. கணக்கு முதல் துண்டு முடிந்த மதியம் 1 மணியிலிருந்து தொடங்கும். அதன்பின் ஓட்டிய ஏழே காலைக் கழித்தால் மிச்சம் மூன்றே முக்கால்தான். இது தெரியாமல் 600 மைலுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு அதிகாலையில் மணிக் கணக்கைக் காட்டும் டேப்லெட்டை வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பவர்களைக் கண்டிருக்கிறேன்.

சட்டம் கவனிக்காத இன்னொன்று, நாளின் நீளம். 11 மணி நேரம் ஓட்டம், 10 மணி நேரம் ஓய்வு. கூட்டினால் 21. சோதனை, டீசல், அரை மணி நிறுத்தம் எல்லாம் சேர்த்தாலும் 22-தான் வரும். உடம்புக்கு நாள் என்பது 24 மணி நேரம். திங்கட்கிழமை காலை 6-க்குக் கிளம்பியவன் மணி கிடைத்த உடனே கிளம்பிக்கொண்டே இருந்தால் செவ்வாய் 4-க்கு, புதன் 2-க்கு, வியாழன் நள்ளிரவுக்கு ஸ்டீயரிங் பிடிப்பான். லாக், அதாவது மணிக் கணக்குப் பதிவேடு, முழுக்கப் பச்சை. ஒரு விதிமீறல் இருக்காது. ஆனால் பின்னிரவு 2-லிருந்து 6 வரை கண் தானாகச் சொருகும் நேரம், அப்போது அவன் முழு லோடோடு 36 டன் வண்டியை ஓட்டிக்கொண்டிருப்பான். அதனால் மணி கிடைத்தாலும் உடனே கிளம்பாமல், கிளம்பும் நேரத்தை முந்தின நாளோடு ஒட்டியே வைத்துக்கொள்வேன். தினம் இரண்டு மணி நேரம் வீண்தானே என்பார்கள். 70-ஐ 8-ஆல் வகுத்தால் நாளுக்கு எட்டே முக்கால். தினமும் 11 ஓட்டுகிறவன் ஏழாவது நாளே முடங்கிப்போவான். நிதானமாக ஓட்டுபவனுக்கு 8 நாள் முன்பு செலவான மணி ஒவ்வொரு நள்ளிரவும் திரும்பி வந்துகொண்டே இருக்கும். வார முடிவில் இருவருக்கும் மைல் பெரிதாக வித்தியாசப்படாது.

பகலில் படுத்தால் தூக்கம் வராது என்பது தனிக் கதை. பக்கத்தில் குளிர்பதன டிரைலர் நின்றுவிட்டால் அதன் மோட்டார் விட்டுவிட்டு உறுமும். லாக்கில் 10 மணி நேரம் ஓய்வு, உண்மையில் தூங்கியது நாலரை.

அப்புறம் பார்க்கிங். என்னோடு பயிற்சிக்கு வந்த ஒரு பையன், நம் ஆள்தான், சாயங்காலம் 5 மணிக்கு நான் டிரக் ஸ்டாப்புக்குள் திருப்பியதும் கேட்டான்: "அண்ணா, இன்னும் ரெண்டு மணி நேரம் ஓட்டலாமே, ஏன் நிறுத்துறீங்க?" "7 மணிக்கு எங்கேடா நிறுத்துவே?" என்றேன். அவனுக்குப் பதில் தெரியவில்லை. இருட்டிய பிறகு நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் கிளைச்சாலைகளின் ஓரத்தில் வரிசையாக டிரக்குகள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை மணி தீர்ந்துபோய் இடம் கிடைக்காத வண்டிகள். 2009-ல் தென் கரோலினாவில், சரக்கு இறக்க வேண்டிய இடத்துக்குச் சீக்கிரமே வந்துவிட்ட ஓர் ஓட்டுநர் வேறு வழியில்லாமல் கைவிடப்பட்ட ஒரு பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தினார். கொள்ளையடிக்க வந்தவன் அவரைச் சுட்டுக் கொன்றான். 2012-ல் அவர் பெயரால் ஜேசன் சட்டம் வந்தது, டிரக் நிறுத்தங்களுக்கு மத்திய அரசுப் பணத்தைச் செலவிட வழி பிறந்தது. இடம் இன்னும் போதவில்லை. எனவே 11-ல் கடைசி ஒன்றரை மணி நேரத்தை நான் என்னுடையதாகவே நினைப்பதில்லை. அது இடம் தேட.

2017 டிசம்பரில் மின்னணு லாக் கட்டாயமானபோது பலரும் கொதித்தார்கள். அதுவரை காகிதத்தில் கால் மணிக் கட்டங்களில் கோடு போட்டதுதான். ஓட்டுபவர்களே அதைக் காமிக்ஸ் புத்தகம் என்று கிண்டலடிப்பார்கள். இப்போது கருவி இன்ஜினோடு பேசுகிறது. மணிக்கு 5 மைல் வேகம் வந்தாலே 'ஓட்டம்' என்று பதிந்துவிடும். அந்த நேரத்தைக் குறைத்து எழுத யாராலும் முடியாது. கடைசி ஒரு மணி நேரத்தில் ஆக்சிலரேட்டரை மிதிக்க வைக்கிறது என்ற புகார் உண்மைதான், கண்ணால் பார்க்கிறேன். ஆனாலும் நான் கருவியின் பக்கம். "கொஞ்சம் சமாளித்து எழுதிக்கொள்" என்று எந்த ஆபீஸிலிருந்தும் இனிமேல் சொல்ல முடியாது. மணி இல்லாதவனை ஓட்டச் சொல்லி மிரட்டுவதே குற்றம் என்று 2016-லிருந்து விதி இருக்கிறது. கம்பெனிக்கு மட்டுமல்ல, சரக்கு அனுப்புகிறவருக்கும் இடைத்தரகருக்கும் அது பொருந்தும். அதோடு, லாக் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், களைப்பில் ஓட்டத் தகுதியில்லாத நிலையில் ஓட்டக் கூடாது என்ற பழைய விதியும் அப்படியே இருக்கிறது.

மோசமான வானிலைக்கு 2 மணி நேரம் கூடுதலாகத் தருகிறார்கள். அதைக் கேட்டதும் குளிர்காலத்தில் வயோமிங் வழியாகப் போகிறவர்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் கிளம்புவதற்கு முன்பே பனிப்புயல் தெரிந்திருந்தால் அது செல்லாது. லோடு ஒதுக்கிக் கொடுக்கும் டிஸ்பாட்சர்கள் இந்தப் பின்பாதியை வசதியாக மறந்துவிடுவார்கள்.

டிஸ்பாட்சரோடு இழுபறி இல்லாமல் இருக்க நான் செய்வது ஒன்றுதான். லோடை ஒப்புக்கொள்ளும்போதே மூன்று எண்களை எழுத்தில் அனுப்பிவிடுவேன்: 11-ல் மிச்சம், 14-ல் மிச்சம், 70-ல் மிச்சம். தூரத்தை 65 மைல் வேகத்தில் வகுக்காமல் 50-ல் வகுத்து, சேரும் நேரத்தையும் சொல்லிவிடுவேன். டாக்கில் இரண்டு மணி நேரம் தாண்டியதும் புதிய சேரும் நேரத்தை அனுப்புவேன், அவர் கேட்கும்வரை காத்திருப்பதில்லை. முதலில் எரிச்சல்பட்டார்கள். இப்போது லோடு கொடுக்குமுன் மணியைத்தான் கேட்கிறார்கள். எட்டாது என்று தெரிந்தால் அவர்களே வாடிக்கையாளரைக் கூப்பிட்டு அப்பாயின்ட்மென்ட்டை மறுநாளுக்கு மாற்றிவிடுகிறார்கள்.