குளத்தை விட்டுக் கடலுக்கு: நீண்டதூர நீச்சலுக்குத் தயாரான கதை

நீச்சல்குளத்தில் மூன்று நான்கு கிலோமீட்டர் நிற்காமல் நீந்துகிறவர்கள் பலர் கடலில் 10 கிலோமீட்டர் பந்தயத்துக்குப் பெயர் கொடுப்பதற்கு முன்னால் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: அவ்வளவு தூரம் கை தாங்குமா? தாங்கும். ஒழுங்காகப் பயிற்சி செய்தால் தூரம் சில மாதத்தில் பழகிவிடும். எனக்குப் பழக ரொம்ப நாள் எடுத்தது வேறு சில விஷயங்கள், அதில் பாதிக்கு நீந்துவதோடு நேரடிச் சம்பந்தமே கிடையாது.

முதலில் வேகம். நீண்ட தூரத்துக்கு எந்த வேகத்தில் போகலாம் என்று தெரிய ஒரு எளிய வழி இருக்கிறது: 400 மீட்டரை முழு வேகத்தில் நீந்தி நேரம் குறித்துக்கொள்ளுங்கள், நன்றாக ஓய்வெடுத்துவிட்டு 200 மீட்டரும் அப்படியே, அப்புறம் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாதியாக்குங்கள். 400 மீட்டருக்கு 7 நிமிடம், 200 மீட்டருக்கு 3 நிமிடம் 20 விநாடி என்றால் வித்தியாசம் 3:40, பாதி 1:50. நூறு மீட்டருக்கு 1:50, உங்களால் நீடித்துப் பிடிக்கக்கூடிய உச்ச வேகம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். வாரநாட்களில் இந்த வேகத்தை ஒட்டிக் குட்டிக் குட்டி செட் (சிறு தூரம் நீந்தி, கொஞ்சம் ஓய்வெடுத்து, திரும்ப நீந்துவது), வார இறுதியில் இதைவிட மெதுவாக நீளமான நீச்சல், அதுவும் சனி ஞாயிறு அடுத்தடுத்து. களைத்துப்போன தோளோடு ஞாயிறு காலை தண்ணீரில் இறங்குவது கற்றுக்கொடுத்ததை ஒரே நாளில் எவ்வளவு நீந்தினாலும் கற்றிருக்க முடியாது. ரப்பர் பட்டையை இழுத்துத் தோளுக்கான பயிற்சியும் தினமும் உண்டு. சலிப்பான வேலைதான், ஆனால் இந்த விளையாட்டை விட்டுவிட்டுப் போகிறவர்களில் நிறையப் பேர் தோளால்தான் போகிறார்கள்.

குளத்தில் நமக்குத் தெரியாமலே ஒரு சலுகை கிடைக்கிறது. 25 மீட்டர் குளத்தில் 10 கிலோமீட்டர் என்றால் 400 முறை சுவரை உதைத்துச் சும்மா வழுக்கிப் போகிறோம், கைக்கு 400 குட்டி ஓய்வு. கடலில் சுவர் இல்லை, தரையில் கோடும் இல்லை. நேராகப் போகிறோம் என்று நம்பிக்கொண்டே பக்கவாட்டில் எங்கேயோ போய்க்கொண்டிருப்போம். இதற்குத்தான் சைட்டிங், அதாவது நீந்திக்கொண்டே அவ்வப்போது முன்னால் பார்த்துத் திசையைச் சரிசெய்வது. தலையைத் தூக்கினால் கால் அமிழும், அதனால் காகில்ஸ் மட்டும் தண்ணீருக்கு மேல் வருகிற அளவுக்குக் கண்ணை உயர்த்தி ஒரு பார்வை, உடனே பக்கவாட்டில் திரும்பி மூச்சு. முன்னால் பார்க்கும்போதே வாயையும் தூக்கி மூச்சு வாங்கப் போனால் கழுத்து அரை மணி நேரத்தில் கெஞ்சும். அலை இருக்கும் நாளில் அலை நம்மைத் தூக்கும்போது பார்க்க வேண்டும், பள்ளத்தில் இருந்து பார்த்தால் தண்ணீர்தான் தெரியும். வழி காட்டப் போட்டிருக்கும் மிதவையைத் தேடுவதைவிட அதற்குப் பின்னால் கரையில் உயரமாக ஏதாவது இருந்தால் அதைக் குறி வைப்பது நல்லது. அப்புறம் இரண்டு பக்கமும் மூச்சு எடுக்கப் பழகியே ஆக வேண்டும், ஏனென்றால் வெயிலும் அலையும் எந்தப் பக்கம் வரும் என்று நாம் முடிவு செய்வதில்லை.

குளிரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். காற்றைவிடத் தண்ணீர் நம் உடம்புச் சூட்டைச் சுமார் 25 மடங்கு வேகமாகக் கடத்திக்கொண்டு போகும். குளிர்ந்த நீரில் இறங்கிய முதல் ஒன்றிரண்டு நிமிடம் மூச்சு தானாகவே தூக்கி வாங்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், அந்த நேரத்தில் முகத்தை உள்ளே விட்டால் தண்ணீர் குடிக்க வேண்டியதுதான். குதிக்காமல் மெதுவாக இறங்கி, முகத்தில் நீரை அள்ளி அடித்து, நீளமாக மூச்சை வெளியே விட்டுக்கொண்டே நின்றால் அது அடங்கிவிடும். வாரம் இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு தடவையும் சில நிமிடம் கூட்டி, பழக்கினேன். விரல்கள் ஒன்று சேராமல் விரிந்து நிற்பது முதல் எச்சரிக்கை. பேச்சு குழறினால் வெளியே வந்தாக வேண்டும், விவாதமே கிடையாது. கரையேறிய பிறகும் உடம்பின் உள்சூடு இறங்கிக்கொண்டேதான் இருக்கும், அதிகமாக நடுங்குவது அப்போதுதான். உடனே ஈரத்தைத் துடைத்து, அடுக்கடுக்காக உடை, சூடாக ஏதாவது குடிக்க. நேராகச் சுடுநீர்க் குளியலுக்கு ஓடினால் மயங்கி விழலாம்.

வெந்நீர் போன்ற கடலும் ஆபத்துதான். 2010-ல் அமெரிக்க வீரர் ஃபிரான் கிரிப்பன் ஐக்கிய அரபு எமிரேட்ஸின் ஃபுஜைராவில் 10 கிலோமீட்டர் பந்தயத்தில் நீந்திக்கொண்டிருக்கும்போதே இறந்துபோனார், அன்று தண்ணீர் அவ்வளவு சூடு. அதற்குப் பிறகுதான் சர்வதேசப் போட்டிகளுக்கு 31 டிகிரி என்ற மேல் வரம்பு வந்தது.

என் முதல் பந்தயம் 10 கிலோமீட்டர், ஒலிம்பிக்கில் 2008-லிருந்து இருக்கிற அதே தூரம். அங்கே முன்னணி ஆண்கள் இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடுகிறார்கள், என் நேரத்தை அதோடு ஒப்பிடாமல் இருப்பது மரியாதை. தொடக்கத்தில் முழங்கையும் குதிகாலும் முகத்தில் படும், யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. கூட்டம் பிரிந்ததும் என்னைவிடச் சற்று வேகமான ஒருவரின் கால்களுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டேன். அப்படிப் போனால் சக்தி நன்றாகவே மிச்சமாகும், விதிப்படி தப்பும் இல்லை. ஆனால் அவர் சைட்டிங் சரியாகச் செய்கிறாரா என்று நாமும் அவ்வப்போது பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு பேரும் சேர்ந்தே வழி தவறுவோம்.

அடுத்தது படகுத் துணையோடு தனியாக, 20 கிலோமீட்டருக்கு மேல். இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் நடுவே உள்ள ஆங்கிலக் கால்வாய்க் கடலில் பின்பற்றும் விதிகளையே எடுத்துக்கொண்டேன்: சாதாரண நீச்சலுடை, ஒரு தொப்பி, காகில்ஸ், குளிர் தாங்கும் ரப்பர் உடையான வெட்சூட் கிடையாது, படகையோ ஆளையோ பிடித்துக்கொள்ளக் கூடாது. அக்குள், கழுத்து, தொடை எல்லாம் வாஸ்லைன். உப்புநீரில் தோல் தோலோடு உரசினால் ரத்தமே வரும். பூசுகிறவர் கையுறை போட்டுக்கொள்ளட்டும், அந்தக் கை காகில்ஸில் பட்டால் அன்று முழுக்கப் பனிமூட்டம்தான்.

அரை மணிக்கு ஒரு ஃபீட், அதாவது தண்ணீரிலேயே சாப்பாடு. கயிறு கட்டிய பாட்டிலைத் தூக்கிப் போடுவார்கள், மல்லாந்து மிதந்தபடி வெதுவெதுப்பான மாவுச்சத்து பானத்தைக் குடித்துவிட்டு, பாட்டிலை விட்டுவிட்டு, கிளம்பு. மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து என்று கணக்கு வைத்திருந்தோம். வயிறும் பயிற்சி கேட்கிற உறுப்பு என்பதால் மாதக்கணக்கில் இதே கலவையைத்தான் நீளமான நீச்சல்களில் குடித்துப் பழகியிருந்தேன். படகிலிருந்து இன்னொரு கேள்வியும் வரும்: சிறுநீர் போனதா? கூச்சப்பட இதில் ஒன்றும் இல்லை, ரொம்ப நேரமாகப் போகவில்லை என்றால் குடித்தது போதவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம். நீந்திக்கொண்டே போகப் பழகுவதும் தனி வித்தைதான், சிரிக்காதீர்கள்.

என்னை வெளியே எடுப்பதா வேண்டாமா என்பதைப் படகில் இருக்கும் நண்பர் முடிவு செய்வார், எனக்கு அதில் ஓட்டு இல்லை என்று முன்கூட்டியே பேசி வைத்திருந்தோம். நிமிடத்துக்கு எத்தனை ஸ்ட்ரோக் (கை வீச்சு) என்று அவர் எண்ணிக்கொண்டே இருந்தார், அது சட்டென்று இறங்கினால் குளிரோ பசியோ என்று பார்ப்பார். இன்னும் எவ்வளவு தூரம் என்று நான் கேட்கக் கூடாது என்பதும் ஒப்பந்தம். கேட்டேன். சொல்லவில்லை.

சொன்னாலும் பயனிருந்திருக்காது, கடைசிப் பகுதியில் நீரோட்டம் திரும்பிவிட்டது. கரையில் ஆட்கள் நடமாடுவது தெரிகிறது, ஆனால் எவ்வளவு கை வீசினாலும் அவர்கள் பெரிதாகவே இல்லை. 1875-ல் முதன்முதலாகக் கால்வாயைக் கடந்த மாத்யூ வெப் பிரான்ஸ் கரைக்கு அருகே இதே மாதிரிப் பல மணி நேரம் மாட்டிக்கொண்டு, மொத்தம் 21 மணி 45 நிமிடத்தில் முடித்தார், அதுவும் தவளை மாதிரி நீந்தும் பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில். அதைப் படித்தபோது மனிதர் பாவம் என்று நினைத்ததோடு சரி. நீரோட்டத்தை நேருக்கு நேர் எதிர்க்காமல் படகோட்டி காட்டிய பக்கமாகச் சாய்வாகப் போனபோதுதான் கரை நகர ஆரம்பித்தது.

தண்ணீரை விட்டு முழுசாக வெளியே, சொந்தக் காலில் நிற்க வேண்டும், அதுதான் முடிவு. பல மணி நேரம் படுத்தே இருந்த உடம்பு நிமிர்ந்ததும் தலை சுற்றும், மண்டி போட்டுத்தான் ஏறினேன். உப்பில் நாக்கு வீங்கி ருசி தெரியவே சில நாள் ஆனது. நடுவில் நீர்த்த மவுத்வாஷால் வாயைக் கொப்பளித்தால் இது குறையும் என்கிறார்கள், அடுத்த தடவைக்கு அதைப் பட்டியலில் சேர்த்திருக்கிறேன். அந்த அடுத்த நீச்சல் இரவில் தொடங்கும். இப்போதைக்கு விளக்கை எங்கே மாட்டுவது என்று சோதித்துக்கொண்டிருக்கிறேன்: காகில்ஸ் பட்டையில் மட்டும் இருந்தால் தலை திரும்பும்போதெல்லாம் படகுக்கு மறைந்துவிடுகிறது, அதனால் முதுகுப் பக்கம் நீச்சலுடையிலும் ஒன்று.