நீலநூலில் ஐம்பது காதுகள்

இஸ்ரேலின் எய்லாத் நகரத்திலிருந்து வடக்கே அரை மணி நேரம் போனால் திம்னா பள்ளத்தாக்கு. சிவந்த மணற்கல் மலைகள், ஆயிரக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் செம்பு வெட்டிய குழிகள், சாலொமோனின் தூண்கள் என்று பேர் வாங்கிய பெரிய பாறைகள். எங்கள் குழுவில் எல்லாரும் அங்கே படம் எடுத்துக்கொண்டு நிற்க, நான் ஆசரிப்புக் கூடாரத்தைப் பார்க்க அவசரப்பட்டேன். வேதாகமத்தின் இரண்டாம் புத்தகமான யாத்திராகமத்தில், வனாந்தரத்தில் இஸ்ரவேல் ஜனங்கள் தேவனை ஆராதிக்கச் செய்ததாகச் சொல்லியிருக்கும் கூடாரத்தை முழு அளவில் அங்கே நிறுத்தியிருக்கிறார்கள்.

மாதிரிதான்; பொன்னும் வெள்ளியும் அசல் இல்லை. ஆனாலும் நூறு முழ நீளம், ஐம்பது முழ அகலம் என்று ஞாயிறு பள்ளியில் ஒப்பித்த பிராகாரத்தை வெயிலில் நடந்து கடந்தபோதுதான் அந்த அளவு காலுக்குத் தெரிந்தது.

என் அம்மா தையல்காரி. அதனாலோ என்னவோ, பலிபீடத்தையும் உடன்படிக்கைப் பெட்டியையும் விட எனக்குத் திரைகள்தான் முக்கியமாகப் பட்டன. மெல்லிய பஞ்சுநூலில் நெய்த பத்து மூடுதிரைகள். ஒவ்வொன்றும் 28 முழ நீளம், 4 முழ அகலம். ஐந்தைந்தாக இணைத்து, இரண்டு தொகுதியின் ஓரத்திலும் நீலநூலில் ஐம்பது ஐம்பது காதுகள், அதாவது கொக்கி மாட்டும் வளையங்கள். அவற்றை மாட்ட ஐம்பது பொன் கொக்கிகள். நீலமும் இரத்தாம்பரம் என்ற ஊதாவும் சிவப்புமாய், கேருபீன்கள் என்ற சிறகுள்ள தேவதூதர்களை விசித்திர வேலையாகச் செய்த அந்தத் திரைக்கு மேலே ஆட்டுமயிர்த் திரை, அதற்கும் மேலே தோல். வெளியே நின்று பார்க்கிற ஜனத்துக்குத் தோல்தான் தெரியும். காது 48 இருந்தால் யார் எண்ணிப் பார்த்திருப்பார்கள்? ஆனால் ஐம்பது என்று சொல்லப்பட்டது, ஐம்பது போட்டார்கள்.

பிரதான ஆசாரியரின் நீல அங்கியைப் பற்றி இன்னொரு வசனம் இருக்கிறது. தலை நுழைகிற துவாரத்தைச் சுற்றிக் கிழியாதபடி நாடா வைக்கவேண்டும். அம்மா ரவிக்கைக் கழுத்துக்கு கிராஸ் துணி வெட்டி பைப்பிங் வைப்பதும் இதற்காகத்தான். சீனாய் மலையில் மேகத்துக்குள் மோசேயை நிறுத்தி வைத்துக்கொண்டு, தேவன் கழுத்துப் பட்டியைப் பற்றிப் பேசியிருக்கிறார்! அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் தொண்டை அடைக்கிறது.

கூடாரம் செய்த இதே ஜனங்கள்தான் கொஞ்ச நாளைக்கு முன்னே காதணிகளைக் கழற்றிக் கொடுத்து, கும்பிடப் பொன் கன்றுக்குட்டி வார்த்தவர்கள். அந்த வேலையை யாரும் கட்டளையிடவில்லை. அவர்களுக்கே தோன்றியது, செய்தார்கள். அப்புறம் கூடார வேலைக்காக மறுபடியும் காதணிகளைக் கொண்டுவந்தார்கள், போதும் என்று மோசே நிறுத்தச் சொல்லும் அளவுக்கு. ஸ்திரீகள் ஆட்டுமயிர் திரித்தார்கள். அவர்கள் முகம் பார்க்கும் தர்ப்பணங்களிலிருந்து வெண்கலத் தொட்டி வந்தது. வேலையை நடத்திய கைவினைஞர்களான பெசலெயேலுக்கும் அகோலியாபுக்கும் கைத்திறமை குறைவா என்ன? தங்கள் விருப்பத்துக்கு ஒரு பூவோ கொடியோ சேர்த்திருக்கலாம். யாத்திராகமம் 39-ம் அதிகாரத்தை வாசித்தால், அங்கிக்கு மேலே ஆசாரியர் போடும் ஏபோத் என்ற உடுப்புக்கும் மார்ப்பதக்கத்துக்கும் அங்கிக்கும் கச்சைக்கும் முடிவில் ஒரே வரிதான் திரும்பத் திரும்ப வருகிறது: “கர்த்தர் மோசேக்குக் கற்பித்தபடியே.” முன்பெல்லாம் இந்த அதிகாரங்களைத் தாண்டிப் போய்விடுவேன். இந்தமுறை பேருந்தில் திரும்பும்போது 35-லிருந்து கடைசி வரை வாசித்தேன்.

இரவு அறைக்கு வந்ததும் அம்மாவுக்குப் படங்களை அனுப்பினேன். குத்துவிளக்கு, தேவனுக்கு முன்பாக அப்பம் வைக்கும் சமுகத்தப்ப மேஜை, அங்கி போட்டு நிற்கும் ஆசாரியர் பொம்மை எல்லாம் போனது. ஐந்து நிமிஷத்தில் அழைத்தார்.

“அந்த அங்கிக்குக் கழுத்துல பட்டி வச்சிருக்காங்களா?”

“மேல ஏபோத் மூடியிருக்கும்மா, தெரியலை.”

“தெரியாட்டி என்ன, வச்சிருக்கணும்ல” என்றார்.