ஒன்பதாம் வளைவும் ஒரு குழாய்ப் பாலமும்

ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒன்பதாவது வளைவில் பேருந்து திரும்பியபோது, சாலையோரச் சுவரின் மேல் வரையாடு ஒன்று நின்று நிதானமாக அசைபோட்டுக்கொண்டிருந்தது. முதுகில் சேணம் பூட்டியதுபோல் வெளிறிய திட்டு இருந்ததால் அது முதிர்ந்த கிடா என்று தெரிந்தது. சங்கப் பாடல்களில் ‘வருடை’ என்று வருவது இந்த ஆடுதான் என்பர். நடத்துநரோ, “டெய்லி நிக்கும் சார்” என்று சொல்லிவிட்டு டிக்கெட் கிழிக்கப் போய்விட்டார்.

மேற்குக் கடற்கரைக்கு இணையாக ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் நீளும் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியே இந்த ஆனைமலை. அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று மலையில் முட்டி மேலேறிக் குளிர்ந்து கொட்டிவிடுவதால், பொள்ளாச்சி வெறும் சாரலோடு நின்றுவிட, மேலே சின்னக்கல்லாறு தமிழகத்திலேயே மிக அதிக மழை பெறும் இடங்களுள் ஒன்றாக இருக்கிறது. அந்த ஈரம் சோலையை வளர்க்கிறது, அட்டைகளையும்தான். காலுறைக்குள் மூக்குப்பொடி தூவிக்கொண்டும் எனக்கு நான்கு கடிகள் மிஞ்சின.

நான் தேடிப் போனது சோலைமந்தியை, அதாவது சிங்கவால் குரங்கை. முகத்தைச் சுற்றிய வெள்ளிப் பிடரியைப் பார்த்தால், வால் நுனியிலுள்ள சிறு குஞ்சத்துக்காகவா இப்பெயர் என்று தோன்றும். வெடிப்பலாவின் பூவையும் முள் நிறைந்த காய்க்குள் இருக்கும் விதையையும் விரும்பித் தின்னும் இக்குரங்கு, பெரும்பாலும் கிளைவழியே வாழ்வது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து காப்பிக்கும் தேயிலைக்குமாகக் காடு வெட்டப்பட்டதில், புதுத்தோட்டம் போன்ற இடங்களில் அதற்குத் துண்டுக் காடுகளே எஞ்சின. கிளை அறுந்த இடத்தில் தரையிறங்கிச் சாலையைக் கடக்க வேண்டியதாயிற்று. வண்டியில் அடிபடவும் செய்தது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், மிக உயர்ந்த பாதுகாப்புக்குரிய விலங்குகளின் பட்டியலான முதல் அட்டவணையில் இக்குரங்கு இடம்பெற்றிருப்பது லாரிச் சக்கரத்துக்குத் தெரியாது. காரை நிறுத்தி சிப்ஸ் நீட்டுவோர் அதைச் சாலைக்கே பழக்கிவிடுகிறார்கள் என்பதுதான் என் பெரிய மனத்தாங்கல்.

இப்போது அங்கே சாலைக்குக் குறுக்கே, மரத்துக்கு மரம், தீயணைப்புக்குப் பயன்படும் கான்வாஸ் குழாய்களைக் கட்டிப் பாலம் அமைத்திருக்கிறார்கள். முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். முதலில் பெரிய ஆண் ஒன்று வந்து குழாயைக் கையால் அழுத்திப் பார்த்துவிட்டுக் கடந்தது. பின்னால் வந்த தாய், வயிற்றில் குட்டியைத் தொங்கவிட்டபடி நடுவில் ஒரு கணம் நின்று, தேயிலை மூட்டை ஏற்றிய லாரி கீழே போய் முடியும்வரை பார்த்திருந்தது. பிறகு அந்தப் பக்கத்துப் பலாமரத்தில் ஏறிக்கொண்டது.