காக்கைக் கறுப்பில் ஒரு டிராகன்

மூன்று வாரமாக ஊலாங் என்ற சீனத் தேநீர் போட்டுப் பழகுகிறேன். முதல் நாள் நம்ம டீ மாதிரியே கொதிக்க விட்டேன். கசப்பு தாங்கவில்லை, தொட்டியில் கொட்டியாயிற்று.

அந்த எரிச்சலில்தான் பெயரைத் தோண்டினேன். சீனத்தில் 'வூ லோங்'. 'வூ' என்ற எழுத்துக்கு முதல் பொருள் காகம், அதிலிருந்து கறுப்பு. நாம் காக்கைக் கறுப்பு என்கிறோமே, அதேதான். 'லோங்' என்றால் டிராகன். சரி, ஆனால் என் டப்பாவில் இருந்தது சீனாவின் அன்ஷி மாவட்டத்துத் தியே குவான்யின் என்ற ஊலாங் வகை. பச்சைப் பசேலென்று, பட்டாணி அளவு உருண்டைகள். கறுப்பும் இல்லை, டிராகனும் இல்லை.

அப்புறம் இன்னொரு ஊலாங், வூயி மலை இலை 50 கிராம் வாங்கினேன். நெருப்பில் வாட்டிக் கறுத்து, நீளமாக முறுக்கிக்கொண்டு கிடந்தது. வெந்நீர் பட்டதும் அது நெளிந்து விரிந்ததைப் பார்த்து, பெயர் வைத்தவரை ஒப்புக்கொண்டேன். இலையின் தோற்றமே பெயரானது என்பது ஒரு விளக்கம். சோங் அரசமரபின் காலத்தில் சீன அரண்மனைக்குப் போன, டிராகன் அச்சிட்ட தேயிலைக் கட்டிகளைக் காட்டுவோரும் உண்டு.

எனக்குப் பிடித்தது அன்ஷிக் கதை. வூலோங் என்ற வேடன் இலை பறித்து வரும் வழியில் மானைத் துரத்தப் போய்விட்டான். முதுகுக் கூடையில் குலுங்கிய இலை மறுநாள் ஓரம் சிவந்து மணத்ததாம். கதை கட்டியவருக்குத் தொழில் தெரிந்திருக்கிறது! இலையைக் குலுக்கி ஓரத்தை நசுக்கினால்தான் காற்றுப்பட்டு அங்கே சிவக்கும்; வேண்டிய பதத்தில் சூடு காட்டி அதை நிறுத்திவிடுவார்கள். ஊறிய இலை ஒன்றைத் தட்டில் விரித்துப் பார்த்தேன். நடுவில் பச்சை, ஓரத்தில் சேலைக்கரை போலச் சிவப்பு. நான் வாங்கிய இரண்டு வகையும் ஃபூஜியன் மாகாணத்து இலைகள். நம் 'தேயிலை'யில் உள்ள 'தே'யும் அந்தக் கடற்கரையின் மின்னான் பேச்சிலிருந்து கிளம்பியதுதான்.

இப்போதைய கணக்கு: 100 மில்லி மூடிக் கிண்ணம், 5 கிராம் இலை, நன்றாகக் கொதித்த நீர். அதே இலையில் திரும்பத் திரும்ப நீர் ஊற்றி வடிக்க வேண்டும். முதல் ஊற்று 15 நொடி, பிறகு ஒவ்வொரு முறையும் 5 நொடி கூட்டி. ஆறு ஊற்று வருகிறது, நான்காவதுதான் உச்சம்.

நேற்று போன் வந்து, இரண்டாவது ஊற்றை 4 நிமிடம் மறந்துவிட்டேன். மறுபடி கசப்பு. தென்சீனத்துக் காண்டனீஸ் பேச்சில் குளறுபடிக்கும் 'வூலோங்' என்ற இதே சொல்தானாம். கால்பந்தில் சொந்தக் கோலுக்குள் அடித்தால் சீனர்கள் சொல்வது 'வூலோங் பந்து'. நேற்று அடித்தது அதுதான்.