மஞ்சள் துணியில் முடிந்த ஒரு ரூபாய்

அப்பாவுக்கு பைபாஸ் நடந்த அன்று, ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே அம்மா ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்தாள். திருச்செந்தூருக்கு என்று நினைத்தேன். "நல்லூர் கந்தனுக்குடா" என்றாள். தாத்தா யாழ்ப்பாணத்தில் கடை வைத்திருந்தவர். அவர் சொல்லிச் சொல்லி அவள் மனசில் பதிந்த சாமி.

சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்கு ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விட்டோம். அதற்கப்புறம்தான் சோதனை. 25 நாள் திருவிழாவில் கோயிலைச் சுற்றி வண்டி விடமாட்டார்கள். ஆட்டோக்காரர் முட்டிவலிக்கார அம்மாவை வெகு முன்னாலேயே இறக்கிவிட்டு, பேசியதைப்போல இரண்டு மடங்கு வாங்கிக்கொண்டார். கந்தனைப் பார்க்க வந்தவர்களிடமா இப்படி? மனசு ஆறவே இல்லை.

வீதியெல்லாம் மணல். ஆண்கள் உருண்டு பிரதட்டை செய்ய, பெண்கள் அடிக்கு அடி விழுந்து கும்பிட்டு அடியழித்துக்கொண்டு போனார்கள். அதைப் பார்த்ததும் அம்மா என் கையை விட்டுவிட்டுத் தானாக நடந்தாள். நான் சட்டையைக் கழற்றிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

அர்ச்சனைச் சீட்டு ஒரு ரூபாய். இவ்வளவு பெரிய கோயிலில் ஒரே ஒரு ரூபாய்! "நான் முடிந்ததும் அதானடா" என்றாள் அம்மா, குரல் உடைந்து.

உள்ளே நெரிசல், மூச்சு முட்டியது. திடீரென்று முன்னால் நின்றவர் விலக, மூலஸ்தானத்தில் வேல். தீப ஒளியில் அது மட்டும்தான் தெரிந்தது. வீட்டில் எல்லார் பெயரும் நட்சத்திரமும் மனப்பாடம் செய்து வந்தவள், அப்பா பெயரை மட்டும் மூன்று தடவை சொன்னாள். என்னால் அதுகூட முடியவில்லை. அழுகைதான் வந்தது. முருகா, அப்பாவைத் திருப்பிக் கொடுத்தாயே!

வெளியே மணலில் உட்கார்ந்தபோது பக்கத்திலிருந்த உள்ளூர் அம்மா ஒருவர், "எங்கேயிருந்து வாறீங்கள்?" என்று கேட்டார். திருநெல்வேலி என்றோம். "நானும் திருநெல்வேலிதான்!" நல்லூருக்குப் பக்கத்திலேயே ஒரு திருநெல்வேலி இருக்கிறது. பிறகு விடுவாரா? வீட்டுக்கே கூட்டிப் போய்விட்டார்.

சுடச்சுட இடியப்பம், சம்பல், சொதி. எங்கள் ஊரில் கல்யாணத்துக்கு மறுநாள் காய்கறி போட்டுக் கெட்டியாக வைக்கிற சொதி, அங்கே தேங்காய்ப்பாலும் பச்சை மிளகாயுமாக, தேசிக்காய் என்கிற எலுமிச்சை பிழிந்து, தண்ணீர் மாதிரி. அம்மா இரண்டு தரம் வாங்கி ஊற்றிக்கொண்டாள். "வடிவாச் சாப்பிடுங்கோ" என்றபடியே, நாங்கள் கொண்டுபோன எள்ளுருண்டையை அவர் சாமி படத்தின் முன் வைத்துவிட்டுத்தான் எடுத்துக்கொண்டார்.

காசு உண்டியலுக்குப் போய்விட்டது. அந்த மஞ்சள் துணியில் இப்போது அப்பாவுக்கு நல்லூர் விபூதி.