வெள்ளைச் சோற்றிலிருந்து நெத்திலி வரை

சாப்பாட்டுக்கு முரண்டு பிடிக்கிற பிள்ளையை உணவியல் நிபுணரிடம் கூட்டிப் போகிறவர்கள் இரண்டைக் கையோடு எடுத்துப் போங்கள். ஒன்று, எடையும் உயரமும் பதிந்த தடுப்பூசி அட்டை. மற்றது, கடைசி மூன்று நாள் பிள்ளை தின்றது, குடித்தது எல்லாம் நேரத்தோடும் அளவோடும் எழுதிய தாள். அந்தத் தாள் இல்லாமல் எங்கள் ஐந்து வயதுப் பெண்ணோடு மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவில் போய், "எழுதிட்டு வாங்க" என்ற பதிலோடு திரும்பினோம். அப்பாயின்ட்மென்ட் கொடுக்கும்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்கு முன்னால் வேறொரு கிளினிக்கில் எழுதித் தந்த பசி டானிக்கால் வந்தது தூக்கம்தான். அந்த டானிக்குகள் சிலவற்றில் இருப்பது அலர்ஜி மருந்து. என்ன மருந்து, எதற்கு என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

ஆனால் எழுதிய பிறகுதான் விஷயம் பிடிபட்டது. ஒரு நாள் பால் மட்டும் 750 மில்லி! ஐந்து வயதுக்கு 400, 500 போதும். அதற்கு மேல் போனால் வயிறு பாலிலேயே நிறைந்துவிடும், இரும்புச்சத்தும் குறையும். பாலைக் குறைத்து, இரண்டு சாப்பாட்டுக்கு நடுவே மூன்று மணி நேரம் தண்ணீர் மட்டும் என்று வைத்ததும் ஒரே வாரத்தில் பசி வந்தது.

தின்கிற பட்டியலையும் பாருங்கள். வெள்ளைச் சோறு, தோசை, பப்படம், ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ். எல்லாமே வெளிறிய நிறம், குழம்பின் ஈரம் கிடையாது, பாதி மொறுமொறுப்பு. புதிய உணவு இதிலிருந்து ஒரே ஒரு விஷயத்தில்தான் மாறலாம். சிப்ஸுக்கு அடுத்தது மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) வறுவல், பிறகு அவித்த மரச்சீனி. (அவித்த தண்ணீரை முழுக்க வடித்துக் கொட்டுங்கள். கசக்கிற கிழங்கு வேண்டாம்.) அதன்பின் நெத்திலி: தலையும் குடலும் கிள்ளி, மஞ்சள், உப்பு, கொஞ்சம் அரிசிமாவு, மிளகாய் வத்தல்பொடி இல்லாமல் மொறுமொறுவென்று பொரித்தது. ஒரே ஒரு மீன், தனிச் சின்னத் தட்டில். சோற்றோடு ஒட்டக் கூடாது.

முதல் நாள் அது மேசையில் இருந்தால் போதும். பிறகு தொடுவது, மணப்பது, நக்குவது, கடித்துத் துப்புவது. துப்ப ஒரு கிண்ணம் பக்கத்திலேயே இருக்கட்டும். துப்பலாம் என்று தெரிந்தால்தான் வாயில் வைக்கத் துணிவு வரும். பத்துப் பதினைந்து முறை வைக்க வேண்டிவரும், மூன்றாவது முறையில் கைவிடாதீர்கள். நெத்திலி உள்ளே போனது பன்னிரண்டாவது முறை.

பெரிய அடி விழுந்தது தோசையில். முருங்கைக்கீரையை அரைத்து மாவில் கலந்து, ஒன்றும் சொல்லாமல் கொடுத்தது தப்பு. ஓரத்தில் பச்சையைக் கண்டதும் தட்டைத் தள்ளியவள், அதன்பின் மூன்று வாரம் வெறும் தோசையைக்கூடப் பிய்த்துப் பிய்த்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டாள். நம்பித் தின்கிற உணவில் எதையும் ஒளிக்காதீர்கள். கீரையும் ஏறாது, தோசையும் போய்விடும். கீரை வேண்டுமென்றால் துவரனாக (தேங்காய் சேர்த்த பொரியல்) தனியே, கண்ணுக்குத் தெரியும்படி வையுங்கள்.

"ஒரு வாய் தின்னு மக்களே, மிட்டாய் தாறேன்" என்கிற ஆச்சியிடம் பக்குவமாகப் பேசியாக வேண்டும். அதில் மிட்டாய்க்குத்தான் மதிப்பு ஏறும், கீரை தண்டனையாகிவிடும். என்ன, எப்போது என்பது நம் பொறுப்பு. எவ்வளவு, தின்பதா வேண்டாமா என்பது பிள்ளையின் பொறுப்பு. இருபத்தைந்து நிமிடம் ஆனதும் சண்டையில்லாமல் தட்டை எடுத்துவிடுங்கள்.

ஓங்கரித்தால் பதற வேண்டாம். சத்தமும் இருமலும் இருந்தால் மூச்சு ஓடுகிறது என்று அர்த்தம். சத்தமே வராமல் திணறினால்தான் உடனே முதலுதவி. எடை ஏறவில்லை, தின்னும்போது அடிக்கடி புரையேறுகிறது, பட்டியல் நாளுக்கு நாள் சுருங்குகிறது என்றால் வீட்டு முயற்சியோடு நிற்காமல் குழந்தை மருத்துவரிடம் போங்கள்.

இப்போது அவியலில் இருக்கிற முருங்கைக்காயை மட்டும் எடுத்து, தேங்காயை வழித்துவிட்டு, சப்பித் துப்புகிறாள். ஒன்பதாவது முறை.