சுருக்க ஊசி வலிக்குமா? போட்டுக்கொண்ட பிறகு எழுதுகிறேன்

புருவ மத்தியிலும் கண் ஓரங்களிலும் விழுந்த சுருக்கங்களுக்குச் சில வருடங்களாகப் போடாக்ஸ் ஊசி போட்டுக்கொள்கிறேன். முதலில் போவதற்கு முன் எனக்கு இருந்த ஒரே பயம் வலி. கேட்ட இடத்திலெல்லாம் இரண்டு பதில்தான் கிடைத்தது. "எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், அவ்வளவுதான்" என்று ஒரு பக்கம். "அழகுக்காக நீயாப் போற, வலிச்சா பொறுத்துக்க வேண்டியதுதானே" என்று இன்னொரு பக்கம். இரண்டுமே எனக்கு உதவவில்லை. இரண்டாவது பதில் கெடுதலும் செய்தது. அதை மனதில் வைத்துக்கொண்டு போனதால், முதல் முறை நாற்காலியில் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

முதல் முறை போன இடம் மிகவும் பரபரப்பானது. முகத்தை ஸ்பிரிட்டால் துடைத்தார்கள், அது காய்வதற்குள்ளேயே முதல் ஊசி இறங்கியது. ஐஸ் இல்லை, மரத்துப்போகும் க்ரீம் இல்லை, "இப்போ குத்தப் போறேன்" என்ற ஒரு வார்த்தைகூட இல்லை. மூக்குக்கு மேலே, புருவம் தொடங்கும் இடத்தில் போட்டபோது சுருக்கென்று ஏறிய வலி நெற்றி உச்சி வரை ஓடியது. இரண்டு கண்ணிலும் நீர் கொட்டியது. அழவில்லை, தானாக வந்த கண்ணீர் அது. புருவத்தின் உள்முனைக்கு அருகில்தான் நெற்றிக்குப் போகும் உணர்ச்சி நரம்புகள் எலும்பை ஒட்டி வெளியே வருகின்றன. அங்கே ஊசி பட்டால் கண் கலங்குவதும் சிலருக்குத் தும்மல் வருவதும் சாதாரணம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அன்றைக்கே யாராவது சொல்லியிருந்தால் அந்தப் பதற்றம் இருந்திருக்காது.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நெற்றியில் ஊசி இறங்கும்போது சிலருக்கு உள்ளே நறுக்கென்று ஒரு சத்தம் கேட்கும். எனக்குக் கேட்டது. வலியைவிட அந்தச் சத்தம்தான் என்னை அதிகமாக நடுங்க வைத்தது, எலும்பில் ஏதோ ஆகிவிட்டது என்றே நினைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. பலரும் இதைச் சொல்வதுண்டு என்று இப்போது பார்க்கும் டாக்டர் சொன்னார்.

எத்தனை குத்து என்பதும் முக்கியம். புருவ மத்திக்கு வழக்கமான அளவு 20 யூனிட், 5 இடங்களில் பிரித்துப் போடுவார்கள். கண் ஓரத்துக்குப் பக்கத்துக்கு 3 இடம், இரண்டு பக்கமும் சேர்த்து 24 யூனிட். மருந்துக்கு மருந்து யூனிட் கணக்கு மாறும், இது போடாக்ஸுக்கான கணக்கு. ஆக, இரண்டு இடத்துக்கும் சேர்த்து 11 குத்து. ஒவ்வொன்றும் ஓரிரு நொடிதான், உள்ளே போகும் மருந்தும் சில துளிதான். ஆனால் ஒரு குத்தின் எரிச்சல் அடங்குவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. எறும்புக்கடி என்று சொல்பவர்கள் ஒரு குத்தைப் பற்றிச் சொல்கிறார்கள். வரிசையாக வரும்போது அந்தக் கணக்கு பொருந்தாது.

இந்த மருந்தின் பலன் 3 முதல் 4 மாதம்தான். ஆகவே ஒரு தடவை பொறுத்துக்கொண்டால் முடிந்தது என்று இருக்க முடியாது. பிடித்திருந்தால் திரும்பத் திரும்பப் போக வேண்டும். அடுத்த முறை வேறு டாக்டரிடம் போனதற்கு அதுதான் காரணம். உட்கார்ந்ததுமே, "போன தடவை ரொம்ப வலிச்சது டாக்டர், எனக்கு பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது கூச்சமாகத்தான் இருந்தது. அவர், "நல்லவேளை சொன்னீங்க. குறைக்கறதுக்கு நிறைய வழி இருக்கு" என்று சொல்லி, ஒவ்வொன்றாகச் செய்து காட்டினார்.

முதலில் ஊசி. ஊசியின் பருமனை கேஜ் என்ற எண்ணால் சொல்கிறார்கள், எண் கூடக்கூட ஊசி மெலியும். முகத்துக்குப் பொதுவாக 30 கேஜ், அது சுமார் 0.3 மில்லிமீட்டர். அவர் 32 கேஜ் எடுத்தார். அதைவிட எனக்குப் பெரிய வித்தியாசமாகத் தெரிந்தது ஊசியை நடுவில் மாற்றியதுதான். இவ்வளவு மெல்லிய ஊசி சில குத்துகளிலேயே முனை மழுங்கிவிடும். மருந்துப் பாட்டிலின் ரப்பர் மூடியைத் துளைத்தாலும் மழுங்கும். அதனால் மருந்தை எடுக்க ஒரு ஊசி, போட வேறு ஊசி, பாதியில் இன்னொரு புது ஊசி. முதல் முறை கடைசிக் குத்துகள் ஏன் அப்படி வலித்தன என்று அப்போதுதான் புரிந்தது.

அப்புறம், மருந்தைக் கலக்கும் உப்புநீர். போடாக்ஸ் பொடியாகத்தான் வருகிறது, உப்புநீரில் கரைத்துத்தான் போட வேண்டும். சாதாரண உப்புநீர் கொஞ்சம் எரிக்கும். பென்சைல் ஆல்கஹால் கலந்த உப்புநீரில் கரைத்தால் எரிச்சல் நன்றாகவே குறைகிறது, அந்தப் பொருளுக்கே லேசாக மரத்துப்போகச் செய்யும் குணம் இருக்கிறது. மருந்தோடு வரும் குறிப்பில் எதுவும் சேர்க்காத உப்புநீர் என்றுதான் போட்டிருக்கும். ஆனாலும் பல டாக்டர்கள் வலிக்காகவே மற்றதைப் பயன்படுத்துகிறார்கள். பென்சைல் ஆல்கஹால் ஒத்துக்கொள்ளாதவர்கள் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

மரத்துப்போகும் க்ரீம் பற்றி எனக்குக் கலவையான அபிப்பிராயம். லிடோகெயினும் பிரைலோகெயினும் சேர்ந்த க்ரீம் சரியாக வேலை செய்யக் கிட்டத்தட்ட 1 மணி நேரம் ஆகும். தடவி 10 நிமிடத்தில் துடைத்துவிட்டுக் குத்தினால் தடவியதற்குப் பயன் இல்லை. நேரம் கொடுத்தாலும் தோல்தான் மரக்கும், அடியில் தசைக்குள் மருந்து இறங்கும்போது ஏற்படும் அழுத்தம் தெரியத்தான் செய்யும். முகம் முழுக்க வீட்டிலேயே அப்பிக்கொண்டு போவதும் சரியல்ல, அளவு மீறினால் அந்த மருந்து ரத்தத்தில் கலந்து தொந்தரவு தரும்.

எனக்குக் கைகொடுத்தது ஐஸ். குத்துவதற்குச் சற்று முன் அந்த இடத்தில் ஐஸ் வைத்து எடுத்து, உடனே ஊசி. கண் ஓரத்தில் தோல் மெல்லியது, சின்ன ரத்தக் குழாய்கள் நிறைய. அங்கே ஐஸ் வலியையும் குறைக்கிறது, ரத்தம் கட்டுவதையும் குறைக்கிறது. நெற்றியில் குத்தும்போது உதவியாளர் பக்கத்தில் ஒரு சின்ன அதிர்வுக் கருவியை அழுத்திப் பிடித்தார். இடித்துக்கொண்ட முழங்காலை நாம் யோசிக்காமலே தேய்த்துவிடுகிறோமே, அதே விஷயம்தான். தொடுதல், அதிர்வு இவற்றின் செய்தி முதுகுத்தண்டில் வலியின் செய்தியை அடக்கிவிடும் என்று ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இருவர் 1965ல் விளக்கினார்கள். முகத்து வலிக்குப் பாதை மூளைத்தண்டு வழியாக, ஆனால் கணக்கு ஒன்றுதான். அதிர்வை வைத்ததும் வலி போய்விடவில்லை. எந்த இடத்தில் குத்துகிறார் என்று தெளிவாகத் தெரியாமல் போனது, அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது.

ஸ்பிரிட் முழுதாகக் காயும் வரை காத்திருந்தார். "மூச்சை உள்ள இழுங்க, மெதுவா விடுங்க" என்று சொல்லி, மூச்சை விடும்போது குத்தினார். மருந்தை மெதுவாகச் செலுத்தினார். வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று கேட்டால், முதல் முறை 6 என்பேன், இந்த முறை 2 அல்லது 3. அதே முகம், அதே மருந்து, அதே இடங்கள்.

வெறும் வயிற்றோடு போகாதீர்கள். ஊசியைப் பார்த்தாலே சிலருக்கு ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். அப்படிப்பட்டவர் என்றால் முதலிலேயே சொல்லுங்கள், நாற்காலியைச் சாய்த்துப் போடுவார்கள். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், மீன் எண்ணெய், வைட்டமின் ஈ போன்றவை ரத்தக்கட்டைக் கூட்டும். எடுத்துக்கொண்டிருந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். இதயத்துக்காகத் தரப்பட்ட ஆஸ்பிரினை அழகு ஊசிக்காக நீங்களாக நிறுத்திவிடவே கூடாது.

ஊசி முடிந்த பிறகு வருவதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. குத்திய இடங்களில் கொசு கடித்த தடிப்பு போலச் சின்ன மேடுகள் இருக்கும், அரை மணி நேரத்துக்குள் அமுங்கிவிடும். அன்று மாலை எனக்குத் தலை விண்விண்ணென்று வலித்தது, டாக்டர் சொன்னபடி பாரசிட்டமால் போட்டதும் தணிந்தது. சில மணி நேரம் படுக்காமல், குனியாமல், முகத்தைத் தேய்க்காமல் இருக்கச் சொன்னார்கள். கண் ஓரத்தில் ஒரு முறை ரத்தம் கட்டி நீலமாகி, மஞ்சளாகி மறைந்தது.

உண்மையில் என்னைப் படுத்தியது நெற்றியில் தெரிந்த ஒரு கனம்தான். மருந்து நரம்பிலிருந்து தசைக்குப் போகும் உத்தரவைத் தடுக்கிறது. இரண்டு மூன்று நாளில் வேலை தொடங்கி, இரண்டு வாரத்தில் முழுப் பலன் தெரிகிறது. அந்த நாட்களில் யாரோ நெற்றியில் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டே இருப்பதாகத் தோன்றியது. வலி என்று சொல்ல முடியாது, ஆனால் நாள் முழுக்க இருந்தது. இரண்டு வாரம் தாண்டியதும் பழகிவிட்டது. இமை கீழே தொங்கினால், இரண்டாகத் தெரிந்தால் டாக்டரைக் கூப்பிட வேண்டும். விழுங்கவோ பேசவோ மூச்சு விடவோ சிரமமாக இருந்தால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முகத்துக்குப் போடும் அளவில் இது மிக அரிது, ஆனாலும் தெரிந்திருக்க வேண்டும். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் மயஸ்தீனியா போன்ற நரம்பு-தசை நோய் உள்ளவர்களும் இந்த ஊசியைத் தவிர்க்க வேண்டும்.

சென்ற முறை டாக்டர், "மேல் உதட்டுக் கோட்டுக்கும் போட்டுடலாமா?" என்று கேட்டார். அங்கே எப்படி வலிக்கும் என்று கேட்டேன். "நெற்றியைவிடக் கண்டிப்பா கூடுதல், உதட்டைச் சுற்றி உணர்ச்சி ரொம்ப அதிகம்" என்று மறைக்காமல் சொன்னார். இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சரி என்று அதோடு விட்டுவிட்டார்.